சண்டை போட ஒரு பெஞ்சு

எங்கள் வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம். தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு ஒன்றுதான் இருந்தது. குளியலறைக் கதவை நான் சேர்க்கவில்லை. அதன் தாழ்ப்பாள் பெயருக்குத்தான், உள்ளே போன இரண்டாவது நிமிடம் யாராவது வந்து தட்டுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாம்பலத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. தெற்கத்தி ஜவுளிக்கடைக் குடும்பம். மாமனார், மாமியார், மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், ஐந்து குழந்தைகள், கல்யாணத்துக்குக் காத்திருந்த ஒரு நாத்தனார். மூன்று அறைகளில் ஒன்றில் துணி மூட்டைகள் குடியிருந்தன. தாழ்ப்பாள் போட்ட அறை மூன்று ஜோடிகளுக்கும் முறை வைத்து வரும். எங்கள் முறை திங்களும் வியாழனும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஆனால் புதன்கிழமை தப்பித்தவறி அந்தப் பக்கம் போனால் பெரிய ஓரகத்தி ஒரு பார்வை பார்ப்பாள், கிழமை தானாக ஞாபகம் வந்துவிடும்.

நான் கடைசி மருமகள். பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய ஒரு சந்தில். அப்பாவுக்குப் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில். எங்கள் சந்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் வாசலுக்கு வந்து நின்று போடுவார்கள். முடிந்ததும் உள்ளே போய்ச் சோறு சாப்பிடுவார்கள். சண்டை என்பது பல் தேய்ப்பது மாதிரி, அன்றன்றைக்கு முடித்துவிட்டால் வாய் நாறாது என்றுதான் நான் வளர்ந்தேன். கல்யாணமாகி வந்த வீட்டிலோ எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருந்தார். நாங்கள் கொஞ்சம் குரலை உயர்த்தினால் இருமுவார். அவருக்கு இருமல் நோய் எதுவும் கிடையாது. கிசுகிசுவென்று கொஞ்சலாம், அதற்குத் தடையில்லை. கிசுகிசுவென்று சண்டை போட்டுப் பாருங்கள். "உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று காதுக்குள் ஊதினால் எதிராளிக்குக் கூசத்தான் செய்கிறது. என் வீட்டுக்காரர் சிரித்தே விடுவார். அதற்கப்புறம் என்ன சண்டை வேண்டிக்கிடக்கிறது?

ஆகவே பூங்கா.

தெருமுனையில் இருந்தது அது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏரியைத் தூர்த்துப் பேட்டை போட்டபோதே போட்ட பூங்கா. வட்டமாக ஒரு நடைபாதை, நடுவில் தண்ணீரை மறந்து பல காலமான ஒரு நீரூற்று, ஒரு ரேடியோ மண்டபம், நாலைந்து தூங்குமூஞ்சி மரங்கள். பாதையிலிருந்து உள்ளடங்கி ஆளுயரத்துக்கு மருதாணி வேலி. ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் ஒரு சிமெண்டு பெஞ்சு. யாரோ புண்ணியவான் தன் தகப்பனார் நினைவாகப் போட்டுக் கொடுத்தது. தகப்பனார் பெயர் தேய்ந்துவிட்டது, பெஞ்சு இருந்தது. அந்த வேலியும் பெஞ்சும்தான் மாம்பலத்தின் கூட்டுக் குடும்பங்களை உடையாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்று நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

"காத்து வாங்கிட்டு வரோம் அத்தே" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். எல்லாத் தெருவிலும் இதே வாசகம்தான். என்ன காற்று என்று பெரியவர்களுக்கும் தெரியும், கேட்க மாட்டார்கள். பூங்காவுக்குள் எழுதாத சட்டங்கள் இருந்தன. ஒரு ஜோடி பெஞ்சில் இருந்தால் அடுத்த ஜோடி பாதையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வர வேண்டும். காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது. அழுகிறவளைப் பார்க்கவே கூடாது. சண்டை முடிந்து எழுந்து போகிற ஜோடிக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும், கொஞ்சம் வழிவிட்டு நிற்போம். தெருவில் மறுநாள் காய்கறி வண்டியருகே அதே பெண்ணைப் பார்த்தால் புதிதாகப் பார்ப்பதுபோல் கத்தரிக்காய் பற்றிப் பேசுவோம்.

தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். எங்களைத் தூரத்தில் கண்டதுமே குரல் கொடுப்பார்.

"வாம்மா, உன் பெஞ்சு காலியாத்தான் கீது. இன்னிக்கு இன்னா, பெரிய சண்டையா, சின்னதா?"

"பெருசுதான்."

"அப்ப நான் ரேடியோவ ஏத்தி வெக்கிறேன். நீ பேசு."

தங்கமான மனுஷன். அரசாங்கம் அவருக்குத்தான் பதக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் சண்டை எப்போதும் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு முன்பே நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அரசு வேலைக்கான பரீட்சையும் எழுதியிருந்தேன். தாலி கட்டிய மூன்றாவது மாதம் பேப்பரில் என் நம்பர் வந்தது. உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். மாமனாருக்குத் தெரியாது. அவரிடம் யார் சொல்வது, எப்போது சொல்வது, அதுதான் சண்டை.

எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை, கட்டின புருஷன் உட்பட. பதினான்கு பேருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தால் என் விரல்கள் டைப் அடிக்க மறந்துவிடும் என்று பயமாக இருந்தது. அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மடியில் விரல்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்வேன். சின்ன ஓரகத்தி அதைப் பார்த்துவிட்டு எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மாமனாருக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. எதிர்வீட்டு மருமகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, "நாலு காசுக்குப் பொம்பளய வெளிய அனுப்புதான் பாரு" என்று பல்குத்திக்கொண்டே சொன்னார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சில் வைத்துக் கேட்டேன், "உங்க வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று. "சமயம் பாத்து சொல்றேன்" என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் சமயம் பார்க்கிறவர். நெருப்புப் பிடித்தால்கூடச் சமயம் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவார்.

இந்த நிலையில்தான் பூங்காவைத் திருத்துகிற யோசனை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

பழைய பூங்கா பாழாகிறது, பேட்டைக்காரர்களுக்குப் பயன்படும்படி மாற்றி அமைக்கலாம், எப்படி வேண்டும் என்று நீங்களே கூடி எழுதிக் கொடுங்கள் என்று மேலேயிருந்து ஒரு கடிதம். உடனே ஐந்து பேர் கமிட்டி. ஐவரும் ஆண்கள், ஐவரும் பேரன் எடுத்தவர்கள், ஐவருக்கும் சொந்த வீட்டில் சாய்வு நாற்காலி உண்டு. பூங்காவை விடிகாலையில் மூன்று சுற்று சுற்றுவதோடு சரி, ஒருவரும் உள்ளே உட்கார்ந்தது கிடையாது. மாமனார்தான் தலைவர். மூளை, ஓய்வுபெற்ற ஓர் என்ஜினியர். மயிலாப்பூரில் பிறந்து எங்கள் தெருவில் வீடு கட்டி வந்தவர். வாழ்நாள் முழுக்கப் பாலம் கட்டியவர் கையில் ஒரு பூங்கா கிடைத்தால் என்ன ஆகும்?

மூன்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். கடையில் துணி அளக்கிற மேஜையை நடுவில் போட்டு, அதன்மேல் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் என் டபராக்களை வைத்து அழுத்தியிருந்தார்கள். பச்சை, சிவப்பு, ஊதா பென்சிலில் என்ஜினியர் அழகாகத்தான் வரைந்திருந்தார்.

"மொதல்ல இந்த மருதாணி வேலி பூரா வெட்டணும். பின்னாடி உக்காந்துண்டு என்னென்னவோ நடக்கறது" என்றார் என்ஜினியர்.

"வெட்டிருவோம்" என்றார் மாமனார்.

"அப்பறம் நடுவுல இரும்புக் கம்பி வேலி. இந்தப் பக்கம் புருஷா, அந்தப் பக்கம் ஸ்திரீகள். தனித்தனி கேட். பெண்டுகள் நிம்மதியா காலை நீட்டி உக்காரலாம், ஒருத்தன் கண்ணும் படாது."

"அதுதான் மரியாதி."

"வேலிக்கு ரெண்டு பக்கமும் மும்மூணு அடிக்குக் குரோட்டன்ஸ் பாத்தி. எவனும் கிட்ட வந்து சாஞ்சுண்டு நிக்க முடியாது பாருங்கோ."

கையில் காப்பித் தட்டு இருப்பதை மறந்துவிட்டேன். வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "மாமா, புருஷனும் பொண்டாட்டியும் சேந்து வந்தா எங்க உக்காருவாங்க?"

ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாற்காலி பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

"சேந்தா? எதுக்கு வருவா சேந்து?" என்றார் என்ஜினியர். கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"பேசத்தான்."

"பேசுததுக்கு வீடு இருக்குல்லா" என்றார் மாமனார். "சீனி பத்தல, கொஞ்சம் கொண்டா."

பதினான்கு பேர் இருந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார். சமையலறையிலிருந்து நாத்தனார் குழந்தைகளை அதட்டுவது, மாமியார் இருமுவது, துணிமூட்டைமேல் யாரோ குதிப்பது எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சீனி கொண்டுவரப் போனேன். அந்தக் கூடத்தில் பூங்காவைப் பயன்படுத்திய ஒரே ஆள் நான்தான், என் பங்கு சீனியோடு முடிந்தது.

வேலை மூன்று மாதம் நடந்தது. மருதாணியை வெட்டிச் சாய்த்த அன்று தெருப் பெண்கள் எல்லோரும் கூடை கொண்டுபோய் இலையை உருவி வந்தோம். அந்த வாரம் எங்கள் தெருவில் சிவக்காத கை கிடையாது. எனக்குத்தான் அரைக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. ஓரகத்திகள் அதையும் நரம்புத் தளர்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

பூங்கா மூடிக்கிடந்த காலத்தில் சண்டை போட இடமில்லாமல் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் முயன்றோம். நான் முன்பக்கம், அவர் பின்பக்கம், நடுவில் கண்டக்டர். ஒருநாள் மெரினாவுக்கே போனோம். நொச்சிக்குப்பத்துப் பக்கம் படகு நிழலில் உட்கார்ந்து நான் ஆரம்பித்தேன். காற்று என் வார்த்தைகளை அள்ளிக்கொண்டு போனதால் கத்த வேண்டியிருந்தது. ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"இன்னா நைனா, அந்தப் பொண்ணு எம்மா நேரமா கேட்டுக்கினு கீது, நீ இன்னாடான்னா கடலப் பாத்துக்கினு குந்திக்கினு கீற? சொல்லேன் உங்கப்பன்கிட்ட!"

"சமயம் பாத்து…" என்றார் இவர்.

"அக்காங், சமயம்! அதுக்குள்ள இது கெழவி ஆயிடும்."

எனக்கு அந்த அம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மீன் வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் காற்று வாங்கப் போய் மீன் வாங்கி வந்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு திறப்பு விழா. தோரணம், மைக், ரோஜாப்பூ மாலை. மாமனார் ரிப்பனுக்குப் பக்கத்தில் நின்றார். புதுப் பூங்கா பளபளவென்று இருந்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நீரூற்றில் தண்ணீர்கூட வந்தது. நடுவில் பச்சைப் பெயிண்டு அடித்த கம்பி வேலி. இந்தப் பக்கம் வேட்டிகள், அந்தப் பக்கம் சேலைகள். பெஞ்சுகள் எல்லாம் பட்டவெளியில், பாதரச விளக்குக்கு அடியில். என் பெஞ்சைத் தேடிப் பார்த்தேன். அதைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஆண்கள் பக்கம் வேலியோரம் போட்டிருந்தார்கள்.

என்ஜினியர் எல்லாவற்றையும் அளந்திருந்தார். ஒன்றை மட்டும் அளக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் மூன்றடி, நடுவில் குரோட்டன்ஸ். ஆறடி தூரத்தில் நிற்கும் புருஷனிடம், ரேடியோ சத்தத்துக்கும் மேலே, ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? கத்தித்தான் பேசுவாள்.

முதல் வாரம் எல்லா ஜோடிகளும் வேலிக்கு இரண்டு பக்கமும் ஊமைகள் மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் வாரம் பொறுமை போயிற்று. யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஒருத்தி தன் நாத்தனாரின் பட்டுப்புடவையைப் பற்றி வேலிக்கு மேலே கூவினாள். இன்னொருத்தி, மாமியார் ஒளித்து வைக்கிற நெய்யைப் பற்றி. ஒரு புதுப்பெண் பாவம், "எனக்கு எங்கம்மாவைப் பாக்கணும்" என்று அழுதுகொண்டே கத்தினாள். அந்தப் பக்கம் நின்ற பையன் எல்லோர் முன்னாலும் விழித்துக்கொண்டு நின்றான். மருதாணி வேலிக்குப் பின்னால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துகொண்டிருந்த மாம்பலத்து ரகசியம் எல்லாம் ஒரே மாதத்தில் சந்தி சிரித்தது. எழுதாத சட்டங்கள் காற்றில் பறந்தன. கேட்கக் கூடாது என்றால் எப்படிக் கேட்காமல் இருப்பது? வேலியோரத்துப் பெஞ்சுக்கு ஆண்கள் மத்தியானமே துண்டு போட்டு இடம் பிடித்தார்கள். சுண்டல்காரன் தன் கடையை அங்கேயே நகர்த்திக்கொண்டான்.

என்ஜினியரின் மருமகளே ஒருநாள், "உங்கப்பா குறட்டைல ஆத்துல ஒருத்தரும் தூங்க முடியலை, நாம தனியாப் போயிடலாம்!" என்று கம்பி வழியாக முழங்கினாள். என்ஜினியர் அப்போது நாலாவது பெஞ்சில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

தோட்டக்காரர் என்னிடம் சொன்னார்: "ரேடியோவ எம்மா ஏத்தினாலும் பத்தல தாயி. உங்க சத்தம்தான் மேல கீது."

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. சிந்தாதிரிப்பேட்டை விலாசத்துக்கு வந்ததை அம்மா ஒரு முறுக்கு டின்னுக்குள், முறுக்குக்கு அடியில் வைத்து எடுத்துவந்தாள். நல்லவேளை, டின்னை முதலில் திறந்தது நான். சேப்பாக்கத்தில் ஓர் அலுவலகம், டைப்பிஸ்ட், பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும், தவறினால் உத்தரவு ரத்து. எண்ணெய்க் கறையோடு அதைப் பன்னிரண்டு தடவை படித்திருப்பேன்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவருக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். "அப்பாகிட்ட சமயம் பாத்து…" என்றார். பதினைந்து நாளும் பார்த்தார். கடையில் கூட்டம் என்றார். கணக்குப்பிள்ளை பக்கத்தில் இருந்தார் என்றார். அப்பாவுக்குப் பல்வலி என்றார். நான் எத்தனை திங்களும் வியாழனும் காதுக்குள் கெஞ்சினேன் தெரியுமா? கிசுகிசுப்பில் கோபமும் கெஞ்சலும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முதல் நாள் ஞாயிறு சாயங்காலம் காற்று வாங்கப் போனோம். அவர் அந்தக் கேட், நான் இந்தக் கேட். கமிட்டி ஐந்து பேரும் வேலியோரத்துப் பெஞ்சில், அதாவது என் பெஞ்சில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் நடுவில். இவர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குரோட்டன்ஸ் ஓரம் வந்து நின்றார்.

"சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப எப்பதான் சொல்லுவீங்க?"

"மெதுவாப் பேசு."

"மெதுவாப் பேசினா உங்களுக்குக் கேக்காது. கத்தினா உங்க அப்பாவுக்குக் கேக்கும். ரெண்டுல எது வேணும், நீங்களே சொல்லுங்க."

"ஒரு வாரம் பொறு…"

"ஒரு வாரம் கழிச்சு அந்த நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்திருப்பா!"

அவர் குனிந்து ஒரு குரோட்டன்ஸ் இலையைக் கிள்ளினார். அந்த இலையைக் கிள்ளாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேனோ என்னவோ. இப்போதும் அந்தச் செடியைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் சேப்பாக்கத்துல வேலையில சேரப் போறேன்! கவர்மெண்ட் வேலை! டைப்பிஸ்ட்! உங்க அப்பாகிட்ட நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கிறேன். இதோ, சொல்லிட்டேன்!"

சரியாக அந்த நொடியில் ரேடியோ நின்றுவிட்டதாகவும், அதனால்தான் பூங்கா முழுக்கக் கேட்டதாகவும் என் வீட்டுக்காரர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பச்சைப் பொய். ரேடியோவில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அதைவிடச் சத்தமாகப் பேசினேன், அவ்வளவுதான்.

சுண்டல்காரன் பொட்டலம் மடிப்பதை நிறுத்தினான். போச்சு, பெட்டியைக் கட்டிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

முதலில் வாயைத் திறந்தது என்ஜினியர். "என்ன ஓய், மாட்டுப்பொண்ணுக்கு கவர்மெண்ட் உத்யோகமா! மூச்சு விடலையே நீர்? எங்காத்துல தூக்கத்துக்குச் சண்டை போட்டுண்டு நிக்கறா, உம்மாத்துல பாரும், உத்யோகம்!" குறட்டை விஷயத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சை மாற்ற ஒரு நல்ல செய்தி தேவையாக இருந்திருக்கும்.

மற்ற மூவரும் மாமனார் முகத்தையே பார்த்தார்கள். மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு மகனின் முதுகைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"பரீச்ச எழுதச் சொன்னதே நாந்தான்" என்றார். "உத்தரவு கைக்கு வரட்டும், பொறவு சொல்லுவோம்னு இருந்தேன்."

மென்று முழுங்கவில்லை, கண்ணைக்கூட இமைக்கவில்லை. என் புருஷனால் பதினைந்து நாளில் சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தை அந்த மனுஷன் ஒரு மூச்சில் பொய்யாகச் சொல்லி முடித்துவிட்டார். கை குலுக்கினார்கள். யாரோ சுண்டல் வாங்கிக் கொடுத்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தேன். பழைய சட்டப்படி ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்தோம். மாமனார் முன்னால், நாங்கள் இருவரும் நாலு அடி பின்னால். வாசல் கேட்டில் கைவைத்தபடி மாமனார் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"ஏம்ல, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் 'ம்' என்று சொல்லிவிட்டு நகருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். இவர் நின்றார்.

"எங்க வச்சுப்பா சொல்றது? கடையில ஆளுங்க. வீட்டுல இத்தன பேரு. உங்ககிட்ட நான் தனியா என்னைக்குப் பேசியிருக்கேன்?"

மாமனார் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினார். உள்ளே குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. மாமியார் யாரையோ இருமி அடக்கினார். பிறகு மாமனார் என்னிடம், "பத்து மணின்னா எட்டரைக்கே கெளம்பிரு. பஸ்ல எடம் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனார்.

மறுநாள் சேர்ந்தேன். முதல் கடிதத்தில் மூன்று பிழை. மேலதிகாரி முறைத்தார், நான் பதிலுக்குச் சிரித்து வைத்தேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பூங்கா நிறுத்தத்தில் இறங்கியபோது விரல் நுனியெல்லாம் வலித்தது. அந்த வலி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போனால் வெங்காயம் காத்திருக்கும், ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று பெண்கள் கேட் வழியாக உள்ளே போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், என் பெஞ்சில், மாமனாரும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். கடையை அந்த நேரத்தில் விட்டுவிட்டு இருவரும் ஒன்றாக வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. மாமனார் ஏதோ சொன்னார். இவர் பதில் சொன்னார். மாமனார் தலையை ஆட்டி மறுத்தார். இவர் விடவில்லை, கையை நீட்டி நீட்டிப் பேசினார், தொடையில் தட்டிப் பேசினார். என் புருஷன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்! இரண்டு வருஷமாக என்னிடம் வராத வார்த்தையெல்லாம் அப்பாவிடம் கொட்டிக்கொண்டிருந்தது. என்ன பேசுகிறார்கள்? கடையா, வீடா, நானா? கம்பிவரை போனேன். குரோட்டன்ஸ் தடுத்தது. ஆறடி தூரம், ரேடியோ வேறு. ஒரு வார்த்தை விழவில்லை.

மண்டை வெடித்துவிடும் போல் ஆகிவிட்டது. கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்:

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க! இங்க ஒண்ணும் கேக்கல!"

இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மாமனார், எனக்குக் கேட்காதபடி, மகனின் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.